ஆடிப் பார்த்துச் சொல்கிறேன்

 

அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய மடல் மூன்று திங்களாக என் மேசைமேல் கிடக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் பயிலும் தம் மகன் எந்நேரமும் கைப்பேசியிலும் கணினியிலும் சண்டை ஆட்டங்களில் மூழ்கிக் கிடப்பதாக வருந்தியிருந்தார். "இவையெல்லாம் கூடுமா, கூடாதா? சுற்றி வளைக்காமல் ஒரே வரியில் எழுதுங்கள்" என்று மடலை முடித்திருந்தார்.

ஒரே வரியில் எழுதவும் செய்தேன். உறையில் இட்டு ஒட்டப்போகும் நேரத்தில்தான் ஓர் எண்ணம் உறுத்தியது. எதைப் பற்றி எழுதினேனோ அதை ஒரு நாளேனும் உட்கார்ந்து பார்த்ததுண்டா? நூலைப் படிக்காமலே மதிப்புரை எழுதுவோரை இதே பக்கத்தில் எத்தனை முறை சாடியிருக்கிறேன்! உறையைக் கிழித்துப் போட்டேன்.

நான் மார்க்கத் தீர்ப்பு வழங்கும் முஃப்தி அல்லன். திருமயத்தில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் மதரஸா ஆசிரியன். புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் வரலாறு பயின்று பட்டம் பெற்றவன். ஆதலின் கீழே வருபவற்றைத் தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள். ஆடிப் பார்த்தவன் ஒருவனின் கருத்து என்ற அளவில் கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பில் பயிலும் என் மகன் உஸ்தாதாகவும், நாற்பதைக் கடந்த நான் மாணவனாகவும் அமர்ந்தோம். சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் மைத்துனர் மகன் தன் கருவிகளைக் கொடுத்து உதவினான். முதல் வாரம் முழுவதும் என் விரல்கள் எனக்குக் கட்டுப்படவில்லை. மகன் சிரித்த சிரிப்பில், மக்தபில் 'ழாத்' எழுத்தை உச்சரிக்கத் தெரியாமல் தவிக்கும் சிறுவனின் நிலை என்னவென்று நன்கு விளங்கிற்று.

முதலில் ஆடியது 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகம். 1999-இல் வெளிவந்து, 2019-இல் புதுப்பிக்கப்பட்ட ஆட்டம் இது. குடியானவர் சிலரும் ஒரு நடுவூர்க் கட்டடமும் நமக்குத் தரப்படும். உணவும் மரமும் பொன்னும் கல்லும் சேர்க்க வேண்டும். வீடு கட்ட வேண்டும். படை திரட்ட வேண்டும். எதிரி நம்மை அழிக்குமுன் அவனை நாம் வெல்ல வேண்டும். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டமன்று. குடும்பச் செலவைக் கணக்கிடும் இல்லத்தரசியின் மூளை இதற்குத் தேவை. இன்று வேலைக்காரனை விறகுக்கு அனுப்பினால் நாளை உணவுக்கு ஆளில்லை. உணவுக்கு அனுப்பினால் மதில் எழும்பாது. என் மனைவி பின்னால் நின்று அரைமணி நேரம் பார்த்துவிட்டு, "இதைத்தானே நான் இருபது வருஷமா செய்றேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இந்த ஆட்டத்தில் ஒரு கோட்டை எழுப்ப 650 கல் வேண்டும். ஒரே ஒரு குடியானவன் 200 விநாடியில் அதைக் கட்டி முடித்துவிடுகிறான்! எங்கள் ஊர்க் கோட்டையின் அடிவாரத்தில் குடியிருப்பவன் நான். இராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி எழுப்பிய கோட்டை அது. மக்கள் வழக்கில் அதற்கு ஊமையன் கோட்டை என்றும் பெயர். ஒரு நாள் அஸருக்குப் பின் மகனை அழைத்துக்கொண்டு மேலே ஏறினேன். நூறு முறை ஏறிய பாறைதான். ஆனால் அன்றுதான் அவன் அதைக் கோட்டையாகப் பார்த்தான். "அத்தா, வாசலை ஏன் இப்படி வளைச்சு வச்சாங்கன்னு இப்பப் புரியுது. நேரா இருந்தா யானையை விட்டு மோதி உடைச்சிடுவாங்க" என்றான். ஒன்றனுள் ஒன்றாக மதில் ஏன், வில்லாளரை எங்கே நிறுத்துவது, நீருக்கு என்ன வழி என்று அவனே கேட்டு அவனே விடை சொல்லிக்கொண்டு வந்தான். உச்சியில் கிடக்கும் பீரங்கியின் அருகே அமர்ந்து, அது எவ்வளவு தொலைவு சுடும் என்று கையால் அளந்து பார்த்தான். வரலாற்றுப் பாடத்தில் பத்து வருடம் நான் சொல்லியும் ஏறாத ஒன்றை இந்த ஆட்டம் ஏற்றிவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை. அந்த 200 விநாடிக் கணக்குத்தான் மனத்தை உறுத்துகிறது. கல் சுமந்தவனுக்குக் கூலியில்லை, உறக்கமில்லை, பெயருமில்லை. திருமயத்திலும் அவன் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை என்பது வேறு செய்தி.

2022-இல் வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்னும் இணைப்பில் 'திராவிடர்' என்ற பெயரில் நம்மவரும் சேர்க்கப்பட்டுள்ளனர். இராசேந்திர சோழனின் போர்கள் கதையாக வருகின்றன. சுருள்வாள் வீசும் வீரர் உண்டு. மேலைநாட்டார் 'ஊட்ஸ்' என்றழைத்த நம் நாட்டு உருக்குக்கும் உரிய மதிப்பு உண்டு. காலாட்படையும் கப்பற்படையும் வலிமை. குதிரைப்படை மட்டும் நோஞ்சான். இராவுத்தர் வீட்டுப் பிள்ளையான என் மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. இராவுத்தர் என்ற சொல்லுக்கே குதிரைவீரன் என்பதன்றோ பொருள்! ஆனால் ஆட்டத்தை வடிவமைத்தவர்கள் முழுக்கத் தவறிவிட்டார்கள் என்றும் சொல்வதற்கில்லை. பாண்டிய நாட்டில் நல்ல குதிரை பிறப்பதில்லை. அரபு நாட்டிலிருந்தும் பாரசீகக் கரையிலிருந்தும் கப்பலில் வந்திறங்கியது. மார்க்கோ போலோவும், பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் இந்த வாணிகத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆட்டத்தில் இல்லாத அந்தக் குதிரை எங்கிருந்து, யாருடைய கப்பலில் வந்தது என்று மகனுக்கு விளக்கியதில் அன்றைய ஆட்டம் நின்றே போயிற்று. அவனுக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நிற்க. இவ்வாட்டத்தில் நான் ஆவலோடு தேடிப்போனது சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபி (ரஹ்) அவர்களின் கதையை. 1999-இலேயே இது இடம்பெற்றுவிட்டது. பாலைவனத்தில் வழிதவறி சுல்தானின் படையிடம் அகப்பட்ட ஒரு சிலுவைப்போர் வீரன் வாயிலாகக் கதை சொல்லப்படுகிறது. காட்டுமிராண்டிகளிடம் சிக்கிவிட்டோம் என்று எண்ணி வந்தவன், நாள் செல்லச் செல்ல அவர்களின் கல்வியையும் பெருந்தன்மையையும் கண்டு மனம் மாறுகிறான். மேலைநாட்டார் செய்த ஓர் ஆட்டத்தில் இத்துணை நியாயத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ஹித்தீன் போர்க்களத்தில் வென்றபோது கை நடுங்கியது என்றால் நகைப்பீர்கள், நடுங்கத்தான் செய்தது.

கடைசிக் கட்டம் அக்கா நகரின் முற்றுகை. "அத்தா, அக்காவைக் காப்பாத்துங்க! அக்காவைக் காப்பாத்துங்க!" என்று மகன் கூவ, தன்னை யாரோ தாக்குகிறார்கள் என்று எண்ணி மூத்த மகள் துணி காயப்போட்ட மாடியிலிருந்து ஓடிவந்த கூத்தும் நடந்தது. ஆட்டத்தில் அந்நகரைக் காத்துவிடலாம். வரலாற்றில் அது 1191 ஜூலையில் வீழ்ந்தது. அடுத்த மாதமே மன்னர் ரிச்சர்டு ஆயிரக்கணக்கான கைதிகளை வெட்டிக் கொன்றார். வென்ற மகிழ்ச்சியில் இருந்த பிள்ளையிடம் அதைச் சொல்லவா, வேண்டாமா என்று தயங்கி, இரவு உணவுக்குப் பிறகு சொன்னேன்.

இந்த ஆட்டத்தின் மீது என் பெரிய குறை அதுவன்று. 1187 அக்டோபர் 2-ஆம் நாள் பைத்துல் முகத்தஸ் நகரைக் கைப்பற்றிய சுல்தான் என்ன செய்தார்? பழிவாங்கவில்லை. ஆணுக்குப் பத்துத் தீனார், பெண்ணுக்கு ஐந்து என ஈட்டுத்தொகை விதித்து வெளியேற விட்டார். அதைக் கட்ட இயலாத ஏழைகளில் ஆயிரம் பேரை அவருடைய சகோதரர் ஆதில் தமக்கெனக் கேட்டுப் பெற்று, அக்கணமே விடுதலை செய்தார். எந்தச் செயலுக்காக எதிரிகளும் அவரைப் போற்றினார்களோ, அந்தச் செயலைச் செய்ய இந்த ஆட்டத்தில் வழியே இல்லை! ஒரு வீரனைக் கொல்லலாம். துறவியை அனுப்பி ஓதச் செய்து, சில விநாடிகளில் அவன் சட்டையின் நிறத்தை மாற்றி நம் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம். (இவ்வளவு எளிதாக மனிதன் மாறுவதாயின் நான் ஏன் முப்பது பிள்ளைகளோடு தொண்டை கிழியக் கத்துகிறேன்!) ஆனால் சிறைபிடிக்கவோ, "போ, பிழைத்துப் போ" என்று விடவோ ஒரு பொத்தான் கிடையாது. சுல்தானின் பெயர் இருக்கிறது, கொடி இருக்கிறது, குதிரை இருக்கிறது. சுல்தானைச் சுல்தானாக்கிய ஒன்று மட்டும் கதை சொல்பவன் வாயில் இருக்கிறதேயன்றி, ஆடுபவன் கையில் இல்லை. இதை மகனிடம் சொன்னபோது, "அப்படி விட்டா அவன் திரும்பி வந்து அடிப்பான் அத்தா" என்றான். அந்தப் பதிலில்தான் நான் சற்று அஞ்சினேன்.

அடுத்து 'சிவிலைசேஷன்' ஆறாம் பாகம், 2016-இல் வெளியானது. கி.மு. 4000-இல் ஒரு குடியிருப்பைத் தொடங்கி, விண்வெளி யுகம்வரை நாகரிகத்தை நடத்திச் செல்லும் ஆட்டம். சதுரங்கம்போல் முறைவைத்து ஆடுவது. இதிலும் அரபு நாட்டின் தலைவர் ஸலாஹுத்தீன் அவர்களே. அந்நாட்டுக்கென்று தனியாக அளிக்கப்பட்டுள்ள கட்டடம் எது தெரியுமா? மதரஸா! பிற நாடுகள் பல்கலைக்கழகம் கட்டும் இடத்தில் அரபியர் மதரஸா கட்டுகிறார்கள். அதிலிருந்து அறிவியல் பெருகுகிறது. நிஜாமுல் முல்க் 1065-இல் தொடங்கிய பக்தாத் நிஜாமியாவைப் பற்றிப் பேசினால் திருமண வீட்டில்கூட ஆள் எழுந்து போய்விடுவார். பட்டம் பெற்றும் மதரஸாவில் ஓதிக்கொடுப்பவனை, "வேறு வேலை கிடைக்கவில்லையா?" என்று கேட்கும் உறவினர் எனக்கு உண்டு. அவர்களையெல்லாம் அழைத்து உட்காரவைத்து அந்தக் கட்டடத்தைக் காட்டலாமா என்று தோன்றியது. அவ்வளவு பெருமை!

அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது. இனி நான் எழுதப்போவது என் குற்றம்.

இந்த ஆட்டத்துக்கு முடிவென்பதே கிடையாது. இன்னும் ஒரு முறை ஆடினால் கட்டடம் முடியும். அதற்குள் பக்கத்து நாட்டுத் தூதர் வருவார். அவருக்கு விடை சொல்வதற்குள் புதிய கலை ஒன்று கைகூடும். வென்று முடித்த பின்னும், 'இன்னும் ஒரே ஒரு முறை' எனத் திரையில் ஒரு பொத்தான் தோன்றுகிறது. கண்டுபிடித்தவன் மனித மனத்தை நன்கு படித்தவன்! அரையாண்டு விடுமுறையில், மார்கழிக் குளிரில், இஷா தொழுகை முடித்து உட்கார்ந்தவன் எழுந்தபோது மணி மூன்றரை. அன்று எங்கள் பள்ளிவாசல் இமாம் சொந்த ஊர் சென்றிருந்தார். சுபுஹு தொழவைக்கும் பொறுப்பு என்னுடையது. சிறிது கண்ணயர்வோம் என்று படுத்தேன். நான் பள்ளிவாசலுக்குள் நுழைந்தபோது, முத்தவல்லி முதல் ஸப்பில் நின்றவாறு கடிகாரத்தையும் வாசலையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதியவர் ஐந்தாறு பேர் குளிரில் போர்வையோடு அமர்ந்திருந்தனர். ஒருவரும் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. தொழுகை முடிந்ததும் முத்தவல்லி, "ஹஜ்ரத்துக்கு உடம்புக்கு ஆகலையா?" என்று கேட்டார்.

"லேசான தலைவலி" என்றேன்.

பின் ஸப்பில் என் மகன் நின்றிருந்தான். அவனுக்குத் தெரியும். அவனும் ஒன்றும் கேட்கவில்லை. நான்கு நாள் கழித்து மக்தபுக்குத் தாமதமாக வந்தவனை, "ஏன் இவ்வளவு நேரம்?" என்று மற்றப் பிள்ளைகள் முன்னிலையில் கேட்டேன். என் முகத்தை நேரே பார்த்து, "லேசான தலைவலி அத்தா" என்றான். கையிலிருந்த பிரம்பைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆட்டத்தின் மீது பழியைப் போட்டுத் தப்பிக்க நான் விரும்பவில்லை. பொய்யைச் சொன்னது என் நாக்கு, ஆட்டமன்று. ஆயினும் பிள்ளைகளைத் திட்டுமுன் பெற்றோர் இதை அறிந்திருத்தல் நலம்: நாற்பது வயதைத் தாண்டிய, பொறுப்புள்ள, பிறருக்கு உபதேசம் செய்து பிழைக்கும் ஒருவனையே அந்தப் பொத்தான் விடியும்வரை கட்டிப்போட்டது.

கைப்பேசி ஆட்டத்துக்கு வருவோம். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆடுவது இதைத்தான். பப்ஜி என்று ஊரெல்லாம் அறிந்த ஆட்டத்தை 2020 செப்டம்பரில் நடுவண் அரசு தடை செய்தது. 2021-இல் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' எனப் பெயர் மாறி வந்து, 2022-இல் மறைந்து, 2023-இல் மீண்டது. நூறு பேர்வரை வானூர்தியிலிருந்து ஒரு தீவில் குதிக்கிறார்கள். கிடைத்த ஆயுதத்தைப் பொறுக்கிக்கொண்டு ஒருவரையொருவர் சுடுகிறார்கள். பாதுகாப்பான வட்டம் சுருங்கிக்கொண்டே வர, கடைசியில் எஞ்சி நிற்பவர் வென்றவர். யாருக்கு யார்மீது என்ன பகை? அதுதான் கிடையாது. நான் பத்து நாள் ஆடினேன். பெரும்பாலும் குதித்த மூன்றாவது நிமிடத்தில் மடிந்தேன். யார் சுட்டார், எங்கிருந்து சுட்டார் என்பதும் பல வேளை தெரியவில்லை.

எனினும் பிள்ளைகள் ஏன் இதை விடமாட்டேன் என்கிறார்கள் என்பது விளங்கிற்று. சுடுவதற்காக அன்று; பேசுவதற்காக. நால்வர் ஒரு குழு. என் மகன், கீழத்தெருப் பையன் ஒருவன், காரைக்குடியில் ஒருவன், குவைத்தில் தந்தையோடிருக்கும் ஒருவன். காதில் கருவியை மாட்டிக்கொண்டு நால்வரும் பேசிக்கொள்கிறார்கள். அடிபட்டவனைத் தூக்கிவிடத் தன் உயிரைப் பணயம் வைத்து ஓடுகிறான் மற்றவன். நம் காலத்தில் குளத்துமேட்டில் நடந்தது இவர்களுக்குத் தீவில் நடக்கிறது. குளத்துமேட்டை என்ன செய்தோம் என்பதை நாம்தான் சொல்லவேண்டும்.

தாய்மார்கள் அறியவேண்டிய செய்தி ஒன்று. கணினியில் தனியே ஆடும் ஆட்டத்தை நினைத்த நொடியில் நிறுத்திவைக்கலாம். இந்தக் கைப்பேசி ஆட்டத்தை நிறுத்தி வைக்க முடியாது. ஒரு சுற்று ஏறத்தாழ அரைமணி நேரம் ஓடும். "சோறு ஆறுது, வாடா!" என்று நீங்கள் அழைக்கும்போது அவன் எழுந்தால், மற்ற மூவரும் மடிவார்கள். உங்கள் சொல்லை அவன் மதிக்காமல் இல்லை. மூன்று நண்பர்களுக்கும் ஒரு தாய்க்கும் நடுவே சிக்கித் தவிக்கிறான். பாங்கு ஒலிக்கும்போதும் அதே தவிப்பு. ஆகவே என் வீட்டில் இப்போது வழக்கம் என்னவெனில், ஆட்டத்தின் நடுவே அழைப்பதில்லை. தொடங்குமுன் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பாங்குக்கு நாற்பது நிமிடம் இல்லையேல் தொடங்கக்கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டோர் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே ஆடலாம் என்று 2021-இல் வெளியிட்ட நிறுவனம் விதி வைத்ததே என்பீர்கள். எங்கள் தெருவில் பதினைந்து வயதுப் பிள்ளைகள் பலர் அந்த ஆட்டத்தில் 1978-இல் பிறந்தவர்கள்!

எனக்கு இதில் அறவே பிடிக்காதது துப்பாக்கியன்று, பெட்டி. பணம் கொடுத்துத் திறக்கவேண்டிய பெட்டி. உள்ளே நல்ல உடையும் இருக்கலாம், உதவாக்கரைத் துணியும் இருக்கலாம். திறந்தபின்தான் தெரியும். திருவிழாக் கூட்டத்தில் சக்கரம் சுற்றிக் காசு பறிப்பவனை நம் பெரியவர்கள் என்ன பெயரிட்டு அழைத்தார்களோ, அந்தப் பெயரையே இதற்கும் நான் இடுவேன். இதே பப்ஜியில் 2020 ஜூனில் காட்டுச் சிலை ஒன்றின் முன் வீரன் மண்டியிட்டுப் பலம் பெறும் காட்சி சேர்க்கப்பட்டதும், அரபு நாடுகளில் எழுந்த எதிர்ப்பால் நிறுவனம் வருத்தம் தெரிவித்து அதை நீக்கியதும் சிலருக்கு நினைவிருக்கும். சிலைக்கு எழுந்த குரலில் நூற்றில் ஒரு பங்கு அந்தப் பெட்டிக்கு எழவில்லையே என்பது என் ஆதங்கம்.

'கால் ஆஃப் டியூட்டி' வரிசையில் 2007-இல் வந்த 'மாடர்ன் வார்ஃபேர்' ஆட்டத்தை மைத்துனர் மகன் ஆட, நான் அருகிருந்து கண்டேன். சில கட்டங்களை நானும் ஆடினேன். சிறுவருக்குரியதன்று. தொழில்நுட்பத்தில் குறை சொல்ல இடமில்லை. அணுகுண்டு வெடித்த நகரில், நாம் ஆடிக்கொண்டிருந்த அமெரிக்க வீரனே தவழ்ந்து தவழ்ந்து நம் கைக்குள் இறந்துபோகும் காட்சி உறக்கத்தைக் கெடுத்தது. வெற்றியை மட்டுமே விற்கும் ஆட்டங்களில் அப்படி ஒரு காட்சியை வைக்கத் துணிவு வேண்டும்.

ஆனால் கேளுங்கள். போர் நடக்கும் அந்த மத்தியக் கிழக்கு நாட்டுக்குப் பெயரே இல்லை! உக்ரைனின் பிரிபியத் நகரம் தன் பெயரோடும் தெருக்களோடும் வருகிறது. அரபு நாடு மட்டும் ஏதோ ஒரு நாடு. கொல்லப்படும் அதன் அதிபரின் பெயர் அல்ஃபுலானி. மக்தபில் முதல் ஆண்டு அரபு ஓதும் பிள்ளையும் அறியும், 'ஃபுலான்' என்றால் 'இன்னார்' என்று பொருள். இன்னார் என்பவர், இன்ன நாட்டில் கொல்லப்பட்டார்! தொடக்கக் காட்சி நீங்கலாக அத்தெருக்களில் பெண்டு பிள்ளைகளைக் காண்பதும் அரிது. சுடப்படவேண்டியவர்கள் மட்டும் வாழும் ஊர் போலும். அவர்கள் அரபு மொழியில் கூவியபடி ஓடிவருகிறார்கள். ஆடும் மற்றப் பிள்ளைகளின் காதில் அது வெறும் இரைச்சல். எனக்கு அது சொற்களாக விழுந்தது. இருபது வருடமாக நான் ஓதிக்கொடுக்கும் மொழி; சுடுவதற்கு அடையாளமாக ஒலிக்கும் மொழி. கதவருகே நின்றிருந்த என் மகன், "அத்தா, இதுல நாம எந்தப் பக்கம்?" என்றான். கையிலிருந்த கருவியை மைத்துனர் மகனிடம் கொடுத்துவிட்டேன். விடை சொல்லவில்லை.

இந்த வரிசையில் அரபு எழுத்து படும்பாடு தனிக்கதை. 2009-இல் வந்த பாகம் ஒன்றில் குளியலறைச் சுவரில் மாட்டிய படத்தில் நபிமொழி எழுதப்பட்டிருந்தது. முறையீடு எழுந்தபின் 2012-இல் திருத்தினார்கள். 2021-இல் வந்த பாகத்தில் திருக்குர்ஆனின் தாள்கள் தரையில் இறைந்து கிடந்தன. மன்னிப்புக் கேட்டு நீக்கினார்கள். வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் எண்ணவில்லை. பாலைவனம், ஒட்டகம், அரபு எழுத்து என்று அலங்காரப் பொருளாகக் கருதுபவனுக்கு, அந்த எழுத்தைப் படிக்கவும் ஆளுண்டு என்பது தோன்றுவதில்லை. அவ்வளவே.

இதற்கு நேர்மாறான அனுபவத்தைக் கடைசியில் பெற்றேன். 2023-இல் வெளியான 'அசாசின்ஸ் கிரீட் மிராஜ்'. ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாத்தில் பாசிம் என்ற தெருத்திருடன் ஒரு மறைமுகக் கூட்டத்தில் சேரும் கதை. கதையில் எனக்கு ஈடுபாடில்லை. கூரைக்குக் கூரை தாவி, காவலரைப் பின்னிருந்து குத்தும் வேலையே திரும்பத் திரும்ப வருகிறது. ஐந்தாவது நாளில் சலித்துவிட்டது. ஆனால் இதை முழுக்க அரபு மொழியிலேயே ஆட முடிகிறது! நாம் நஹ்வும் ஸர்ஃபும் சொல்லிக்கொடுக்கும் அதே இலக்கிய அரபு. காய்கறி விற்பவன் பேசுகிறான், படகோட்டி பேசுகிறான், கோபித்துக்கொள்ளும் கிழவி பேசுகிறாள். நூலில் மட்டும் கண்ட மொழியைத் தெருவில் கேட்பதுபோல் இருந்தது. பணியை மறந்து, கடைத்தெருவில் பாசிமைச் சும்மா நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தேன். "அத்தா, போங்க! ஏன் நிக்கிறீங்க?" என்று மகனுக்குப் பொறுமை போயிற்று.

கலீபா மன்ஸூர் 762-இல் கட்டத் தொடங்கிய வட்ட நகரம் அதில் எழுந்து நிற்கிறது. இன்று அந்நகரின் சுவர் ஒன்றும் மண்ணுக்கு மேல் எஞ்சவில்லை. பைத்துல் ஹிக்மாவின் வாசலில் நின்றோம். பொறிகள் பற்றி நூல் யாத்த பனூ மூசா சகோதரர்களின் பெயர் வந்தது. அக்காலத்துக் கலை, மருத்துவம், ஆட்சி குறித்த குறிப்புகளை அருங்காட்சியகங்களின் துணையோடு உள்ளே சேர்த்திருக்கிறார்கள். அவற்றை மகன் ஒன்றுவிடாமல் படித்தான் என்று சொல்ல ஆசைதான், பாதியைத் தாண்டவில்லை. ஆனால் 1258-இல் அந்நகருக்கு நேர்ந்ததை அவனே கேட்டுத் தெரிந்துகொண்டான். "அத்தா, அப்ப நாம நடந்த அந்தத் தெருவும் போயிடுச்சா?" என்றான். நாம் நடந்த தெரு என்றான்!

சகோதரியே, உங்கள் மடலுக்கு இவ்வளவு நீண்ட விடை நீங்கள் கேட்டதன்று. உங்கள் மகன் ஆடுவது எந்த ஆட்டம் என்பதை நீங்கள் எழுதவில்லை. பெயரைக் கேட்டு எழுதுங்கள். அதற்குமுன் ஒரு மாலை அவன் அருகில் உட்கார்ந்து, யார் யாரை எதற்காக அடிக்கிறார் என்று கேளுங்கள். முதல் நாள் எரிந்து விழுவான், இரண்டாம் நாள் விளக்கத் தொடங்குவான். பணம் செலுத்தும் செயலியின் இரகசிய எண்ணை மட்டும் எந்த நாளும் கொடுத்துவிடாதீர்கள்.

என் கணக்கு ஒன்று பாக்கி இருந்தது. சென்ற வெள்ளி, ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்தபின், மகனையும் உடன் அழைத்துக்கொண்டு முத்தவல்லியிடம் சென்றேன். "அன்றைக்கு எனக்குத் தலைவலி இல்லை. விடிய விடிய கணினியில் ஆட்டம் ஆடிவிட்டுத் தூங்கிப்போனேன். உங்களிடம் பொய் சொன்னேன்" என்றேன். அவர் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சிறிது நேரம் என்னையே பார்த்தார். மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஜெயிச்சீங்களா ஹஜ்ரத்?" என்றார்.

"இல்லை. பாதியில் நிற்கிறது."

"என் பேரனும் ராவெல்லாம் எதையோ ஆடிக்கிட்டுத்தான் கிடக்கான். என்ன ஆட்டம்னு கேட்டா மூஞ்சியைத் திருப்பிக்கிறான். நாளைக்கு அஸருக்கு அப்புறம் வீட்டுக்கு வந்து என்னன்னு பார்த்துச் சொல்லுங்க. தம்பியையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார்.